மலிவு கொன்சோலும் பதினைந்து டிஸ்க்கும்

கேள்வி: பம்பலப்பிட்டியில் பாவித்த பிஎஸ்5 டிஜிட்டல் (டிஸ்க் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 கேம் கொன்சோல்) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. என்னிடம் பதினைந்து பிஎஸ்4 டிஸ்க் உண்டு. வாங்கலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அது எந்த மொடல் என்று பாருங்கள். 2020இல் வந்த டிஜிட்டலில் டிஸ்க் டிரைவைப் பிறகு பூட்டவே முடியாது. உங்கள் டிஸ்க்குகள் அலுமாரியில்தான் கிடக்கும். 2023இல் வந்த ஸ்லிம் எனும் மெலிந்த டிஜிட்டலில் பூட்டலாம். அடையாளம் சுலபம்: ஸ்லிம்மின் பக்க மூடி நடுவில் கோடு விழுந்து இரண்டு துண்டாக இருக்கும், பழையதில் ஒரே துண்டு. டிரைவைப் பூட்டியதும் ஒரு தடவை இணையத்தில் இணைத்துப் பதிய வேண்டும். ஆகவே டிரைவின் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள். பல நேரம் அந்த 'மலிவு' அங்கேயே கரைந்துவிடும்.

பிஎஸ்4 டிஸ்க்கை வைத்து பிஎஸ்5 பதிப்புக்கு மாறும் கேம்களுக்கும் இதே கதைதான். மாறிய பிறகும் விளையாடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும்.

காசு கொடுக்க முன் கடையிலேயே போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். சோனி நிறுவனம் தடைசெய்த கொன்சோல் என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். விசிறி இரைந்து, சூடு என்று எச்சரிக்கை வந்தால் விட்டுவிடுங்கள்.