ஐயாவின் செல்லாத நோட்டுகள்

கேள்வி: உங்கள் குடும்பத்தில் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் யார்? அவரை நினைத்தால் முதலில் எது ஞாபகம் வருகிறது?

எனக்கு ஒரு நோட்டுக்கட்டுதான் ஞாபகம் வருகிறது. அத்தனையும் செல்லாத நோட்டு.

எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) 1925-இல் பர்மாவில் ரங்கூனில் பிறந்து 2019-இல் அங்கேயே பெகு ஊரில் கண்ணை மூடினார். அந்த 94 வருஷத்தில் நான்கு தடவை கையிலிருந்த காசு வெறும் காகிதமாகிவிட்டது அவருக்கு. 2016-இல் தமிழ்நாட்டில் ஏடிஎம் வாசலில் நின்றவர்களுக்கு இதில் கால்வாசி புரியும், அங்கே மாற்றிக்கொள்ளவாவது விட்டார்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அவருக்கு 16 வயது. அரிசி மில் வேலையைப் போட்டுவிட்டு அவருடைய அப்பா குடும்பத்தோடு புரோம் வரைக்கும் போனார், அங்கிருந்து மலையைத் தாண்டி தௌங்கூப் போய் அரக்கான் கரையைப் பிடித்துவிட்டால் எப்படியாவது இந்தியா போய்விடலாம் என்று கணக்கு. வழியெல்லாம் காலரா. ஐயாவின் தங்கச்சி புரோமிலேயே போய்விட்டாள். அதற்கு மேல் நடக்க மாட்டேன் என்று அவர் அம்மா உட்கார்ந்துவிட, திரும்பி வந்து பெகு பக்கம் ஒரு கிராமத்தில் கூலிக்கு நாற்று நட்டார்கள். மூன்று வருஷம் ஜப்பான் நோட்டில் சேர்த்ததெல்லாம் 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் செல்லாது என்று ஆனது. அது முதல் தடவை.

இரண்டாவது 1964. கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட வருஷம், மே மாதம் 50, 100 கியாட் (பர்மாக் காசு) நோட்டுகளும் செல்லாமல் போயின. கூட்டம் கூட்டமாக நம் ஆட்கள் மதராசுக்குக் கப்பலேறினார்கள், ஐயாவின் தம்பியும் போய்ப் பர்மா பஜாரில் கடை போட்டார். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டால் ஐயா ஆளுக்கொரு காரணம் சொல்வார். என் அப்பாவிடம் "மாட்டை யார் பாக்குறது?" என்றாராம், என்னிடம் கடல் ஒத்துக்காது என்றார். எனக்கென்னவோ அந்த வருஷம் டிக்கெட்டுக்கே அவரிடம் காசு இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டார் பதிவு அட்டையை வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அப்புறம் 1985. அதில் கொஞ்சம் மாற்றிக்கொள்ள விட்டார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போனபோது அதுவும் கிடையாது. உளுந்து தரகில் வந்த காசு ஒரு டிரங்குப் பெட்டியோடு போனது. எனக்கு அப்போது ஆறு வயது, அன்று வீட்டில் உலை வைக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரமே அந்தச் செல்லாத நோட்டுக்கட்டை அவிழ்த்து எங்களிடம் கொடுத்தார், கடை வைத்து விளையாடுங்கள் என்று. திண்ணையில் செங்கல்லும் மண்ணும் வைத்து நாங்கள் விற்க, அவர் வந்து 75 கியாட் நோட்டை நீட்டிச் சாமான் வாங்குவார். சில்லறைக்குப் புளியங்கொட்டை. ஒரு கொட்டை குறைந்தாலும் நகர மாட்டார். ஒன்பது ராசி என்று அப்போது நாட்டை ஆண்ட நே வின் 45, 90 கியாட் நோட்டுகளைப் புதிதாக அடித்துவிட்டிருந்தார், ஊரே சில்லறைக் கணக்குத் தெரியாமல் முழித்தது. ஐயா எங்களை உட்காரவைத்து ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தமிழில் உருப்போட வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்பைவிட நான் அந்தத் திண்ணையில்தான் அதிகம் கற்றேன்.

அதற்குப் பிறகு அவர் நோட்டைச் சேர்த்ததே இல்லை. தங்கம்தான், அதுவும் பொட்டுப் பொட்டாக. பேரப்பிள்ளை பிறந்தால் ஒரு ஜோடி தோடு, ஆணானாலும் பெண்ணானாலும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். என் தங்கையின் படிப்பு, அத்தையின் ஆபரேஷன், நர்கீஸ் புயலில் போன கூரை எல்லாம் அந்தப் பானையிலிருந்துதான் எழுந்தன. ஆனால் அவரைச் சாமி ஆக்க எனக்கு மனசில்லை. அப்பத்தாவுக்கு அறுபது வருஷத்தில் ஒரு பட்டு எடுத்துத் தரவில்லை, எங்கள் யாரையும் "நல்லா படிச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சாகும்வரை அந்தப் பட்டைச் சொல்லிக் காட்டினாள். சொன்னதில் தப்பில்லை.

கடைசி வருஷம் நினைவு தப்பத் தொடங்கியது. ஒரு நாள் தலையணைக்கடியிலிருந்து பழைய 35 கியாட் நோட்டு ஒன்றை எடுத்து, வெற்றிலை வாங்கி வா என்று கொடுத்தார். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்காமல் தெருமுனைக் கடையில் என் காசில் வாங்கிவந்து கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "மீதி எங்கடா?" என்றார்.

அடுக்களையில் புளி ஆய்ந்து போட்டிருந்த கொட்டையில் பத்து எடுத்து அவர் கையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஒண்ணு குறையுது" என்றார்.