மூளையைப் பிள்ளைகளுக்குக் கோலத்திலும் மையிலும் களிமண்ணிலும் எப்படிக் காட்டுவது?

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்துகிறோம். அடுத்த முறை மூளையும் நரம்பும். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 24 பேர், இரண்டு மணி நேரம், கையில் 1,500 ரூபாய். கடைசி கால் மணி நேரம் பெற்றோரும் வந்து உட்காருவார்கள். நான் விலங்கியல் படித்தவள், கூட வருபவர் ஓவிய ஆசிரியர். மூளைப் படத்துக்கு வண்ணம் தீட்டிவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கலை வழியே அறிவியலும் உள்ளே போக என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அச்சடித்த மூளைப் படத்துக்கு வண்ணம் தீட்டும்போது பிள்ளை எதையும் முடிவு செய்வதில்லை. எந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று முன்பே தீர்மானித்தாயிற்று. வரைகிற கை ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். கோடு இங்கே முடிகிறதா, தொடர்கிறதா? இந்த விரல் எவ்வளவு பெரிது? இப்படி ஒரு கேள்வி இருந்தால் அறிவியல் தானாக உள்ளே வரும். பகுதிக்கு ஒரு நிறமாகக் காகிதத் தொப்பி ஒட்டும் பயிற்சி பிரபலம்தான், ஆனால் முதல் நிகழ்ச்சியில் வேண்டாம். மூளையில் தனித்தனி அறைகள் இருக்கின்றன என்ற எண்ணத்தை அது பதித்துவிடும். ‘இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் கலை’ என்ற தவறான நம்பிக்கைக்கு அதுதான் வாசல்.

பிள்ளைகள் வந்ததும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, ‘மூளைக்குள் என்ன இருக்கிறது? வரை’ என்று மூன்று நிமிடம் விடுங்கள். திருத்தாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடியும்போது அதே கேள்விக்கு இன்னொரு தாள் கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் உங்களுக்கான மதிப்பீடு.

முதல் கால் மணி நேரம் தரையில் சிக்குக் கோலம். வரிசைக்கு 4 புள்ளி, 3 வரிசை. புள்ளிகளைச் சுற்றி நெளித்துப் போனால் கையெடுக்காமல் ஒரே கோடாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். 3 புள்ளி, 3 வரிசை போட்டால் ஒரே கோடாக வராது, மூன்று தனிக் கோடுகளாகப் பிரியும். அதனால் புள்ளியை எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். கோலம் முடிந்ததும் இத்தாலியின் கமில்லோ கோல்கியைப் பற்றிச் சொல்லுங்கள். 1873-இல் பொட்டாசியம் டைகுரோமேட்டும் வெள்ளி நைட்ரேட்டும் கொண்டு நரம்புச் செல்களைக் கறுப்பாக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். நூற்றில் சில செல்கள் மட்டுமே அதில் கறுப்பாகும், அதனால்தான் அவை தனித்துத் தெரிந்தன. ஆனாலும் மூளை முழுக்க இந்தக் கோலத்தைப் போல விடுபடாத ஒரே வலை என்றே கோல்கி நம்பினார். ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் 1888-இல் அதே சாயத்தைப் பயன்படுத்திப் பார்த்து, மையில் வரைந்து, ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்றார். சிறுவயதில் ஓவியராக ஆசைப்பட்டவர் அவர். 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. அந்த மேடையிலும் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. ‘யார் சொன்னது சரி?’ என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போங்கள்.

அடுத்தது மை ஊதி நியூரான், அதாவது நரம்புச் செல், செய்வது. பேனா மையை அப்படியே பயன்படுத்தலாம். போஸ்டர் கலர் என்றால் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி தண்ணீர். தாள் கெட்டியாக, வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான சார்ட்டில் மை ஓடாமல் உறிஞ்சிக்கொள்ளும், சாதாரண ஜெராக்ஸ் தாள் நனைந்து சுருங்கும். தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, அதனால் காகித ஸ்ட்ரா வாங்குங்கள். பப்பாளி இலைக் காம்பை யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். அதன் பால் வாயில் பட்டால் எரியும்.

ஃபில்லரில் மூன்று சொட்டு, தாளின் ஓரமாக. அதுதான் செல் உடல். ஸ்ட்ராவைத் தாளோடு ஒட்டினாற்போல் சாய்த்து, சொட்டிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்து ஊதினால் மை நீண்டு ஓடும், ஓடிய முனை பிளந்து கிளைக்கும், கிளை போகப் போக மெலியும். செல்லுக்குச் செய்தி கொண்டுவரும் கிளையான டென்ட்ரைட்டும் அப்படித்தான் மெலிகிறது. நேர் மேலிருந்து ஊதினால் மை வட்டமாகத் தெறிக்குமே தவிர கிளை வராது. எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். செல்லிலிருந்து செய்தியை வெளியே கொண்டுபோகும் நீண்ட இழையான ஆக்ஸானை மட்டும் ஊத வேண்டாம். அது நெடுந்தூரம் ஏறக்குறைய ஒரே தடிமனில் போகும் என்பதால், ஈர்க்குச்சியால் மையை இழுத்துத் தாளின் மறு ஓரம் வரை கொண்டுபோய், கடைசியில் மட்டும் கிளை பிரிக்கச் சொல்லுங்கள். மூன்று முறை ஊதியதும் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு முழுதும் ஈர்க்குச்சியே போதும்.

காய்ந்ததும் சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். செய்தி எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது? கஹாலும் தம் படங்களில் இப்படி அம்பு வரைந்தவர்தான். டென்ட்ரைட்டிலிருந்து செல் உடல், அங்கிருந்து ஆக்ஸான். இந்த அம்பை விட்டுவிட்டால் மிஞ்சுவது அழகான மரப்படம்தான், ஆகவே நேரம் போதாவிட்டாலும் இதை விடாதீர்கள். அளவையும் சொல்லுங்கள்: தண்டுவடத்தில் உள்ள பெரிய இயக்க நரம்புச் செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பிள்ளை வரைந்த செல் உடல் ஒரு சென்டிமீட்டர் என்றால் 200 மடங்கு. கால்விரலை நோக்கிப் போகும் ஆக்ஸான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதையும் 200 மடங்காக்கினால் நூலக வாசலிலிருந்து 200 மீட்டர் மையை இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

பிறகு 24 படங்களையும் சுவரில் ஒட்டுங்கள். ஒருவரின் ஆக்ஸான் முனை அடுத்தவரின் டென்ட்ரைட்டை நெருங்க வேண்டும், தொடக்கூடாது. கோலத்தையும் சுவரையும் பார்த்தபின் அந்தக் கேள்விக்கு விடை சொல்லுங்கள். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த இடைவெளியைக் காட்டியது. ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி தரும் இடமான சினாப்ஸில் அது சுமார் 20 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. கஹால் சொன்னது சரி. சுவரில் விட்ட இடைவெளி மிகைப்படுத்தியது என்பதையும் சொல்லிவிடுங்கள். செல்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன என்று காட்ட, ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் ‘தரணி’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட, கருவில் உள்ள குழந்தையின் மூளைப் படங்கள் உதவும்.

இரண்டாம் மணி நேரம் தொடு உணர்வு. இருவர் இருவராகப் பிரியுங்கள். பேப்பர் கிளிப்பை ‘ப’ வடிவில் வளைத்து, முனைகளின் இடைவெளியை அளவுகோலில் வைத்து அமைக்க வேண்டும். கண்ணை மூடிய பிள்ளையின் தோலில் இரு முனையும் ஒரே நேரத்தில், தோல் லேசாகக் குழியும் அளவு மட்டும் பட வேண்டும். ஒரு முனை முந்திப் பட்டாலே இரண்டு என்று தெரிந்துவிடும், அளவு பொய்யாகிவிடும். இடையிடையே ஒரே முனையாலும் தொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘இரண்டு’ என்றே சொல்லும். ஒரு இடைவெளிக்கு 6 தொடுதல், 3 இரு முனை, 3 ஒரு முனை, கலந்து. ஆறில் குறைந்தது ஐந்து சரியாக இருந்தால் இடைவெளியைக் குறைக்கலாம். விரல் நுனியில் 5 மில்லிமீட்டரில் தொடங்குங்கள், உள்ளங்கையில் 15, நெற்றியில் 25, முன்கையில் 45. உதட்டில் வேண்டாம், கிளிப் கை மாறும். நேரம் குறைவு என்பதால் ஜோடிக்கு ஒருவர் உடல் மட்டுமே அளக்க முடியும். மற்றவர் தொட்டு, குறித்துக்கொள்பவர்.

தோராயமாக விரல் நுனியில் 3, உள்ளங்கையில் 10, நெற்றியில் 18, முன்கையில் 40 மில்லிமீட்டர் வரும். ஆளுக்கு ஆள் மாறும், யாருக்குக் குறைவு என்று போட்டி வைக்காதீர்கள். 40-ஐ இந்த எண்ணால் வகுத்தால் எத்தனை உருண்டைக் களிமண் என்று கிடைக்கும்: விரல்களுக்கு 13, உள்ளங்கைக்கு 4, நெற்றிக்கு 2, முன்கைக்கு 1. கோலிக்குண்டு அளவு உருண்டை. அந்தக் கணக்கிலேயே ஒரு மனித உருவம் செய்யச் சொல்லுங்கள். சூம்பிய கையின் நுனியில் முறம் போல விரல்கள் விரியும். ஜோடிக்கு 200 கிராம் என்று குயவரிடம் 3 கிலோ களிமண் போதும். கனத்த விரல்கள் மெல்லிய கையை ஒடித்துவிடும், அதனால் உள்ளே ஈர்க்குச்சி செருகித் தொடங்க வேண்டும். களிமண் கிடைக்காத இடத்தில் இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணீர். மழைக்காலத்தில் அது பிசுபிசுக்கும்.

இந்த உருவம் கற்பனை இல்லை. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு வலிப்பு நோய்க்கு அறுவை செய்தபோது, விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, உடலில் எங்கே உணர்கிறார்கள் என்று கேட்டுக் குறித்தார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் அது முடிந்தது. மூளைப் பரப்பில் உடலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்று காட்டும், 1937-இல் வெளியான அவரது படத்திலும் கைக்கும் வாய்க்கும்தான் பெரிய இடம்.

பெற்றோர் வந்ததும் பொம்மையைப் பிள்ளைகளே விளக்கட்டும். வலிப்பு என்ற சொல் அங்கே வந்துவிடும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் பழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவி கொடுத்து முடிப்பதற்குள் நிற்பதால் சாவிதான் நிறுத்தியது என்று தோன்றுகிறது. இதைக் கேலி செய்யாமல் சொல்லுங்கள், உதவ நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். ‘என் பையனுக்கு ஏன் படிப்பு ஏறவில்லை?’ என்று யாராவது கேட்டால் நீங்கள் நோய் சொல்லாதீர்கள். அரசு மருத்துவமனையையும், மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மனஸ் எண்ணையும் கொடுங்கள்.

மீதி நிமிடங்களில் பாயை விரித்து, ஒரு பிள்ளையைப் படுக்கவைத்து, முதலுதவியைச் செய்தே காட்டுங்கள். சுற்றியுள்ள கூரான பொருளை நகர்த்துவது, தலைக்கு அடியில் மடித்த துண்டு, கழுத்துப் பித்தானைத் தளர்த்துவது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது. வாயில் எதையும் வைக்கக்கூடாது, தண்ணீரும் கூடாது, கைகாலை அமுக்கக்கூடாது. கடிகாரம் பார்க்கும் வேலையை ஒருவருக்குத் தனியாகக் கொடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108.