சாவி பையில் இருந்தும் திறக்காத கதவு

கேள்வி: சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டாலே திறக்கும் வகைக் கார் என்னுடையது. சில வாரங்களாக ஓட்டுநர் பக்கக் கதவு அப்படித் தொட்டால் திறப்பதில்லை. மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். இடப்பக்கக் கதவு உடனே திறக்கிறது. சாவியின் பொத்தானை அழுத்தினால் எல்லாக் கதவுகளும் திறக்கின்றன. கன்ட்ரோல் யூனிட்டை மாற்றச் சொல்கிறார் பணிமனைக்காரர். மாற்றலாமா? இன்னொன்று: ஒருமுறை வணிக வளாகத்தில் பொத்தானை அழுத்தியும் எந்தக் கதவும் பூட்டவில்லை. அதுவும் இதே கோளாறா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கைப்பிடியைத் தொட்டதும் அதனுள் உள்ள ஆன்டெனா, பெரும்பாலான கார்களில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான குறைந்த அலைவரிசையில் சாவியை அழைக்கிறது. சாவி தன் குறியீட்டை உயர் அலைவரிசையில் திருப்பி அனுப்ப, யூனிட் அதைச் சரிபார்த்துப் பூட்டின் மோட்டாரை இயக்குகிறது. இடக்கதவு திறப்பதால் சாவியும் யூனிட்டும் நலம். பொத்தானுக்கு ஓட்டுநர் கதவு திறப்பதால் அதன் மோட்டாரும் நலம். எஞ்சுவது அந்தக் கைப்பிடியும் அதற்குச் செல்லும் ஒயர்களும்தான். அந்த ஆன்டெனாவை இயக்கும் பகுதி யூனிட்டுக்குள் பழுதாகியிருக்கவும் கூடும் என்றாலும், மழையோடு வந்து போகும் கோளாறுக்கு அது பொருத்தமான விளக்கம் அன்று.

முதலில் கைப்பிடியைத் துணியால் துடைத்துவிட்டு, அதிலேயே பூட்டும் வசதி இருந்தால் அதைச் சோதியுங்கள். பூட்டுகிறது, திறக்கவில்லை என்றால் தொடு உணரியே பழுது. கைப்பிடியை மாற்றினால் போதும். இரண்டும் இல்லையென்றால் ஒயரையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும். கடற்காற்று வீசும் டர்பனில் கனெக்டரின் பின்கள் பச்சை பூத்திருப்பது புதிதன்று.

நான் அதிகம் சந்தேகிப்பது கதவுக்கும் அதன் கீல் பொருந்தியுள்ள காரின் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் உறையைத்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதனுள் ஒயர்கள் மடிகின்றன. மிகுதியாகத் திறக்கப்படுவதும் ஓட்டுநர் கதவே. ஒயரின் மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் மட்டும் அறுந்திருக்கும். ரப்பர் உறையை விலக்கி ஒவ்வோர் ஒயராக மெல்ல இழுத்துப் பார்த்தால், அறுந்தது மட்டும் ரப்பர்போல நீளும். உறுதி செய்ய, பேட்டரியின் எதிர்மின் (–) முனையைக் கழற்றி, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் சில நிமிடங்கள் காத்திருந்து, இருமுனைக் கனெக்டர்களையும் பிரித்தபின் மல்டிமீட்டரில் ஒயரின் மின்தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும். ஒருவர் கதவை அசைக்கும்போது அளவு துள்ளினால் அந்த ஒயர்தான். முறுக்கி டேப் சுற்றினால் நிலைக்காது. புது ஒயரைச் சேர்த்து, மடிப்புக்கு வெளியே இணைப்பு வருமாறு பற்றவைக்கச் சொல்லுங்கள்.

வணிக வளாகத்தில் நடந்தது வேறு. ரிமோட் சமிக்ஞையைத் திருடர்கள் முடக்குவது இந்நாட்டு வாகன நிறுத்தங்களில் எல்லாரும் அறிந்த தந்திரம். பூட்டும்போது விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். பிறகு பின்கதவை இழுத்துப் பாருங்கள். சாவி அருகிலிருக்க முன்கதவை இழுத்தால் அது தானே திறந்துவிடக்கூடும். பின்கதவுக் கைப்பிடியில் பெரும்பாலும் அந்த உணரி இராது.