அட்டாலியை விட்டு இறங்காத பூனை

கேள்வி: பொள்ளாச்சியை அடுத்த கிராமம் ஒன்றில், தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு இருக்கிறது. ஒன்றரை வயதான டாஷ்ஹண்ட் ஆண் நாய் ஒன்றை வளர்க்கிறோம். கோவையில் வேலை பார்த்துவந்த என் மகள் வெளிநாடு செல்ல நேர்ந்ததால், அவள் வளர்த்த மூன்று வயதுப் பெண் பூனையைப் பத்து நாட்களுக்கு முன் எங்களிடம் விட்டுச் சென்றாள். வந்த அன்றே நாய் துரத்தியதில் பூனை அட்டாலியில் (பரணில்) ஏறிக்கொண்டது. இரவில் நாயைக் கட்டிய பிறகுதான் இறங்கி வந்து கொஞ்சம் சாப்பிடுகிறது. “ரெண்டையும் ரெண்டு நாளைக்கு ஒரே ரூமுக்குள்ள போட்டுச் சாத்தி வெச்சா தன்னால பழகிக்கும்” என்கிறார் என் மாமனார். அப்படிச் செய்யலாமா? நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்து பாதி மீதி இருக்கிறது. அதைப் பூனைக்கும் போடலாமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அந்த மீதி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. நாய்களுக்கான உண்ணிச் சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பொருள் இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை எளிதாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு என்பதால், சிறிதளவு தோலில் பட்டாலும் சில மணி நேரத்துக்குள் தசைத் துடிப்பு, எச்சில் வடிதல், வலிப்பு எனத் தொடங்கி உயிரே போய்விடலாம். மாட்டு உண்ணிக்காகத் தோட்டத்து வீடுகளில் வாங்கி வைத்திருக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் மருந்துகளையும் பூனையின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தெரியாமல் யாராவது போட்டுவிட்டிருந்தால், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு உடனே கழுவி, பூனையை ஒரு துணியில் சுற்றி, மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். பூனைக்கென்றே தயாரிக்கப்படும் உண்ணி மருந்துகள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பூனையின் எடை பார்த்தே வாங்க வேண்டும்.

இனி உங்கள் மாமனார் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவர் அனுபவத்தில் அது பொய்யில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் தலைமுறையின் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நாய் கட்டுத்தறியிலும் வாசலிலும் காவலுக்குக் கிடந்தது, பூனை எலி பிடிப்பதற்காக ஆசாரம் என்னும் கூடத்திலும் அட்டாலியிலும் சோளத்தட்டுப் போரிலும் திரிந்தது. இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்றாலும் ஒரே தரையில் புழங்கவில்லை. துரத்தல் வந்தாலும் பூனைக்கு ஏறிக்கொள்ள இடம் இருந்தது, நாளடைவில் நாய் சலித்துக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் ‘தானாகப் பழகிக்கொண்டன’ என்று நினைத்திருப்பார். அறையைச் சாத்திவிட்டால் அந்த ஏறிக்கொள்ளும் வழியே அடைபட்டுவிடுகிறது. மூலையில் மாட்டிய பூனை முகத்தைப் பார்த்துத்தான் பிராண்டும், அந்த நகம் நாயின் கருவிழியைக் கிழித்தால் பார்வையே போகலாம். நாய் பூனையின் கழுத்தையோ முதுகையோ கவ்வி ஒருமுறை உதறினால் அதற்குப் பிறகு மருத்துவருக்கு அங்கே வேலை இருக்காது. இப்படிச் சாத்தி வைத்த மறுநாள் காலையில், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரும் நாய்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் நாய் எதற்காகத் துரத்துகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றவை எளிது. டாஷ்ஹண்ட் பார்வைக்கு மடியில் வைத்துக் கொஞ்சும் நாய்போல இருந்தாலும், ஜெர்மனியில் மண்வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்னும் விலங்கை வெளியேற்றுவதற்காகவே பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட வேட்டை நாய் அது. ஜெர்மன் மொழியில் ‘டாக்ஸ்’ என்பது பேட்ஜர், ‘ஹுண்ட்’ என்பது நாய். கால் குட்டையாக இருப்பது வளைக்குள் நுழைவதற்கு. முன்பாதம் அகன்றிருப்பது மண்ணைப் பறிப்பதற்கு. உடம்புக்குச் சற்றும் பொருந்தாத அந்தக் கனத்த குரைப்பு, மண்ணுக்கடியிலிருந்து குரைத்தாலும் மேலே நிற்கும் வேட்டைக்காரரின் காதில் விழுவதற்கு. தோப்பில் பெருக்கான் (பெருச்சாளி) வளையைக் கண்டால் அது படும் பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூனையின் மீது அதற்குப் பகையும் இல்லை, பொறாமையும் இல்லை. சின்னதாக, மயிர் அடர்ந்ததாக, ஓடுவதாக ஒன்று கண்ணில் பட்டால் பின்னால் ஓடு என்று அதன் உடம்பு சொல்கிறது, ஓடுவதே அதற்குக் கூலியாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே பூனை பிடிபடாமல் தப்பித்துவிட்டது என்று நாம் ஆறுதல் அடையும் ஒவ்வொரு முறையும் நாய்க்குள் அந்தப் பழக்கம் இன்னும் கொஞ்சம் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. இனி ஒரு துரத்தல்கூட நடக்கக் கூடாது என்பதைத்தான் நான் உங்களுக்கு எழுத விரும்பிய முதன்மையான செய்தி என்று கொள்ளுங்கள்.

அதற்காக நாயை அடிப்பதும் அதட்டுவதும் பயன் தராது. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால், பூனை வந்தால் வலி வரும் என்றே அது கற்றுக்கொள்ளும். உறுமினால் அடி விழுகிறது என்று உறுமலையும் நிறுத்திவிடும். எச்சரிக்காமல் பாயும் நாய்கள் உருவாகும் வழிகளில் இது ஒன்று. கருத்தடை அறுவை செய்தால் அடங்கிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். அது ஊர் சுற்றுவதைக் குறைக்கும், வேறு நன்மைகளும் உண்டு, ஆனால் வேட்டைக் குணத்தைக் குறைக்காது.

முதலில் பூனைக்கு ஓர் அறையை ஒதுக்குங்கள். அட்டாலி உள்ள அறையாகவே இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பத்து நாட்களாக அதன் வாசனை அங்கேதான் படிந்திருக்கிறது. தண்ணீர், உணவு, மணல் தட்டு மூன்றும் அந்த அறைக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்கட்டும். இரவு நாயைக் கட்டும்வரை காத்திருந்துதான் சாப்பிட வேண்டும் என்ற நிலை இன்றே மாற வேண்டும். பூனை ஒரு நாள் முழுவதும் எதையும் தொடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சில நாட்கள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகச் சற்றுப் பருத்த பூனைகளுக்கு, உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி அதுவே தனி நோயாக முற்றிவிடும். எடை மெஷினில் நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் ஏறிக் கழித்துப் பார்த்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை எழுதி வாருங்கள். மணல் தட்டில் சிறுநீர் வழக்கம்போல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மன அழுத்தம் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பையில் அழற்சியாக வந்து இறங்குவதுண்டு. உங்களுடையது பெண் பூனை என்பதால் சிறுநீர் முற்றிலும் அடைபடும் ஆபத்து குறைவு. ஆண் பூனை வைத்திருப்பவர்கள், அது மணலில் குந்திக்குந்தி எழுந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே, இரவானாலும், தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த அறையின் கதவு ஒரு வாரம் சாத்தியே இருக்கட்டும். பழைய துண்டு ஒன்றைப் பூனையின் கன்னத்தில் தடவி நாய் படுக்கும் இடத்திலும், நாயின் உடம்பில் தடவிய துண்டைப் பூனையின் அறையிலும் போடுங்கள். அந்தத் துண்டை மோந்துவிட்டு இரண்டும் அலட்சியமாக நகர்ந்து போகும் நாள் வரும். அதற்குப் பின் கதவுக்கு இருபுறமும், முதலில் எட்டத்திலும் பிறகு சிறிது சிறிதாக நெருக்கியும் உணவு வையுங்கள். அடுத்த கட்டத்தில் கதவுக்குப் பதிலாகக் கம்பி வலையோ கிரில் கேட்டோ இருக்கட்டும். கொசுவலைக் கதவை டாஷ்ஹண்ட் ஒரே மூச்சில் கிழித்துவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். கிரில்லின் இடைவெளியில் நாயின் தலை நுழையாது என்பதை டேப் வைத்து அளந்து பார்த்துவிடுங்கள், தலை போய் மாட்டிக்கொண்டால் அது வேறு வகை அவசரமாகிவிடும்.

நேரில் பார்க்க வைக்கும் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். காலையில் தோப்பைச் சுற்றி அரை மணி நேரம் நடத்திக் கூட்டி வந்து, நாய் சற்றுக் களைத்திருக்கும்போது, கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் வார் பூட்டி, பூனையிலிருந்து பதினைந்து அடி தள்ளி உட்கார வையுங்கள். வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப் பருப்பு அளவில் நறுக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் பூனையைப் பார்த்துவிட்டு, பெயர் சொன்னதும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு. மறுபடி பார்த்து மறுபடி திரும்பினால் இன்னொரு துண்டு. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இரண்டும் அமைதியாக இருக்கும் நாட்களில் மட்டும் தூரத்தை ஓர் அடி குறைக்கலாம்.

இதில் நாயின் வாலை நம்பி ஏமாறாதீர்கள், வால் ஆட்டுவதெல்லாம் நட்பில்லை. வாயைப் பாருங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு திறந்திருந்த வாய் திடீரென்று மூடும், காது முன்னால் மடங்கும், கண் இமைக்காது, ஒரு முன்னங்கால் தரையிலிருந்து அரை அங்குலம் எழும்பி அப்படியே நிற்கும், கையிலிருக்கும் ஈரலை மூக்கருகே நீட்டினாலும் அது தெரியாததுபோல் இருக்கும். பாய்ச்சலுக்கு இரண்டு விநாடி முன்னால் இருக்கும் உடம்பு அது. அந்த நேரத்தில் வாரைச் சுண்டி இழுக்காமல், நீங்கள் எழுந்து அதையும் நடத்திக்கொண்டு அப்பால் போய்விட வேண்டும், அன்றைய தூரம் அதற்கு மிகையான நெருக்கம் என்று பொருள். பூனையின் பக்கத்தில் காது பக்கவாட்டில் தட்டையாவதும், வால் நுனி மட்டும் துடிப்பதும், கண்மணி முழுவதும் விரிந்து கறுப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போய் நாயிடம் அறிமுகம் செய்துவைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் நான் அந்த மேதாவித்தனத்தைச் செய்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நான்கு கோடுகள் வாங்கினேன். பூனை தரையிலோ உயரத்திலோ, தன் விருப்பப்படி விலகிச் செல்லும் நிலையில்தான் இருக்க வேண்டும். பழைய அட்டாலிக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. ஆசாரத்திலும் சமையலறையிலும் நாய் எட்டாத உயரத்தில் ஒரு பலகையோ, பீரோவின் மேல் ஒரு சாக்கு விரிப்போ ஏற்பாடு செய்து, தரையில் கால் வைக்காமலே பூனை வீட்டைக் கடக்க வழி விட்டீர்களானால் அதன் அச்சம் பாதி குறையும். ஓடாத பூனையை நாயும் அவ்வளவாகத் துரத்துவதில்லை.

நாயின் வேட்டை ஆசைக்கு வேறு வடிகாலும் வேண்டும். அதன் உணவில் ஒரு பங்கைச் சாக்கு மடிப்புகளுக்குள்ளோ மணல் குழியிலோ ஒளித்து வைத்து மோந்து தேட விடுங்கள். தேங்காய் மட்டைக் குவியல் இதற்கு வசதிபோலத் தோன்றும், ஆனால் அதில் தேள் இருக்கும், வேண்டாம். பூனையின் உணவும் மணல் தட்டும் நாய்க்கு எட்டாமல் இருக்கட்டும், இரண்டையுமே நாய்கள் ருசித்துத் தின்னும். நாய் உணவைப் பூனைக்குப் போட்டு ஒப்பேற்றவும் கூடாது. பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து நாய் உணவில் போதுமான அளவு இருக்கும் என்று நம்ப முடியாது.

டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர்களுக்குத் துரத்தலைத் தடுக்க இன்னொரு காரணமும் உண்டு. குட்டைக் காலைத் தந்த அதே மரபுக்கூறு முதுகெலும்பின் இடைத்தட்டுகளை இளம் வயதிலேயே கெட்டிப்படுத்திவிடுகிறது. இந்த இனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் தட்டு விலகும் தொல்லை வருகிறது. பூனையைத் துரத்தித் திண்ணையிலும் சோபாவிலும் ஏறிக் குதிக்கும் நாய் ஒருநாள் தூக்கும்போது கத்தினாலோ, பின்னங்காலை இழுத்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விடும் ஒரு நாளில் நடையே போய்விடுவதுண்டு.

எல்லா ஏற்பாட்டையும் மீறிச் சண்டை வந்தால் நடுவில் கையை விடாதீர்கள். தடித்த போர்வையை மேலே எறியுங்கள் அல்லது ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். கடியோ கீறலோ பட்டுவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள், அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். வீட்டு நாய்தானே என்று விட்டுவிட வேண்டாம். மகளிடம் கேட்டுப் பூனையின் தடுப்பூசி அட்டையை வாங்கி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு ஓராண்டு தாண்டியிருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். அன்றே குடற்புழு மருந்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். சில வீடுகளில் மூன்று வாரம், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். சில டாஷ்ஹண்டுகள் கடைசிவரை பழகுவதே இல்லை. அப்போது ஆளுக்கொரு நேரம், ஆளுக்கோர் இடம் என்று கதவை வைத்துக் காலம் தள்ளலாம், அல்லது பூனைக்கு நாய் இல்லாத உறவினர் வீட்டைப் பார்க்கலாம். நன்றாகப் பழகிவிட்டது என்று தோன்றிய பிறகும், நீங்கள் தோப்புக்கோ சந்தைக்கோ போகும்போது இரண்டையும் தனித்தனியாக அடைத்துவிட்டே செல்லுங்கள். ஆசாரத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கும் அதே பூனை, வாசலில் தென்னை மட்டை விழுந்த சத்தத்துக்கு மிரண்டு ஓடினால், அந்த நொடியில் அது நாயின் கண்ணுக்கு மறுபடியும் ஓடுகிற ஒன்றாகத்தான் தெரியும்.