திருகோணமலையின் பழைய பள்ளிக்கூடங்களைக் கட்டியது யார்?

இவையெல்லாம் அரசாங்கம் கட்டியவையா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவை அப்படியல்ல. புனித சூசையப்பர் கல்லூரி கத்தோலிக்க மிஷனுடையது. மெதடிஸ்தருக்கும் தனிப் பள்ளிகள் இருந்தன. சைவப் பிள்ளைகளுக்காக 1897இல் தொடங்கியதுதான் இன்றைய கோணேஸ்வரா இந்துக் கல்லூரி. 1925இல் இராமகிருஷ்ண மிஷன் அதைப் பொறுப்பேற்றது. தமிழறிஞரும் துறவியுமான விபுலாநந்த அடிகளே அதிபராக இருந்தார். நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன? பெண்பிள்ளைகளுக்கு 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை தொடங்கிய பள்ளிதான் சண்முகா. உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்க வழிசெய்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின.

சரி, கட்டடங்கள்? அந்தக் காலக் கட்டடம் என்றால் தடித்த சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, மாரிமழைச் சாரல் வகுப்புக்குள் அடிக்காதபடி நீண்ட விறாந்தை. இவற்றைத் திருத்தும்போது சீமெந்து பூசுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்புச் சாந்தே பொருத்தம்.