அகலமான லேசர் எதற்கு?

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வுக்காக அம்மோனியா அளக்கிறேன். 10.34 மைக்ரான் டிஎஃப்பி குவாண்டம் காஸ்கேட் லேசர் (ஒரே அலைநீளத்தில் ஒளிரும் அகச்சிவப்புக் குறைகடத்தி லேசர்), 30 மீட்டர் ஒளிப்பாதையுள்ள ஹெரியாட் செல் (இரு ஆடிகளுக்கிடையே ஒளி பலமுறை போய்வரும் வாயுக்குழல்), செல்லில் அழுத்தம் 100 மில்லிபார். அம்மோனியாவே இல்லாத வெறும் நைட்ரஜன் ஓடும்போதே காலையில் பூஜ்யம், மதியம் 3 பிபிபி (நூறு கோடியில் 3 பங்கு), இரவில் மறுபடி பூஜ்யம். லேசர் போதாது என்கிறார்கள். 100 அலைஎண் (ஒரு செ.மீ.க்குள் எத்தனை அலைகள் என்ற அளவு) நகரும் எக்ஸ்டர்னல் கேவிட்டி லேசருக்கு (அலைநீளத்தைப் பரந்த எல்லைக்குள் மாற்றக்கூடியது) விண்ணப்பிக்கட்டுமா? டிடெக்டரையும் மாற்றவா? கருவியின் படம் இணைத்துள்ளேன்.

க.

அன்புள்ள க.,

இரண்டும் வேண்டாம். டிடெக்டர் மோசமென்றால் இரைச்சல்தான் கூடும், வெயிலோடு ஏறி இறங்காது.

உங்கள் லேசரின் வெப்பநிலையை மாற்றினால் அது டிகிரிக்கு ஏறத்தாழ 0.07 அலைஎண் நகரும். 30 டிகிரியில் 2 அலைஎண். நீங்கள் அளக்கும் அம்மோனியா வரியின் (அது ஒளியை உறிஞ்சும் குறுகிய இடம்) அகலமோ வெறும் 0.02. அசிட்டோன்போல அகலமாக உறிஞ்சும் மூலக்கூறுக்கு எக்ஸ்டர்னல் கேவிட்டி தேவைதான். ஒற்றை வரிக்கு எதற்கு? புது லேசரும் அதே ஜன்னல் வழியாகத்தானே போகும்!

படத்தில் லென்ஸுக்கும் செல் ஜன்னலுக்கும் நடுவே சுமார் 25 செ.மீ. இருக்கிறது. ஜன்னல் கற்றைக்கு நேர்செங்குத்தாக நிற்கிறது. கோளாறு அங்கேதான். இரு பரப்புகளுக்கிடையே மோதித் திரும்பும் ஒளி நேர் ஒளியோடு கலந்து சிக்னலில் எழுப்பும் அலைதான் ஃப்ரிஞ்ச். 25 செ.மீ. காற்றிடைவெளி தரும் ஃப்ரிஞ்சின் இடைவெளி 0.02 அலைஎண், உங்கள் வரியின் அகலமேதான். அதை மென்பொருளால் அம்மோனியாவிலிருந்து பிரிக்க முடியாது. அங்குமிங்கும் மோதித் திரும்பிய ஒளி பத்துக் கோடியில் ஒரு பங்கு போதும், சிக்னலில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அலை எழும். இங்கே கூடுவது ஒளிச்செறிவல்ல, மின்புலம். உங்கள் செல்லில் அது ஒன்றிரண்டு பிபிபிக்குச் சமம்.

மதியம் ஏன்? லென்ஸையும் செல்லையும் தாங்கும் 25 செ.மீ. அலுமினியப் பலகை ஒரு டிகிரி சூடேறினால் 5.8 மைக்ரான் நீளும். அரை அலைநீளம் 5.2 மைக்ரான். ஒரே டிகிரியில் ஃப்ரிஞ்ச் முழுச் சுற்று நகர்ந்துவிடும். இதைப் பார்க்காமல் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் கோபம் வராதா?

பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு போட்ட ஜன்னல் என்று சொல்லிவிடாதீர்கள். பரப்புக்கு அரை சதவீதப் பிரதிபலிப்பு என்றாலும், இரு பரப்புகளும் இணையாக இருந்தால் சிக்னலில் ஒரு சதவீத அலை வரும். அரை டிகிரி ஆப்பு வடிவ சிங்க் செலினைடு ஜன்னல் போடுங்கள். அதை 3 டிகிரி சாயுங்கள். திரும்பும் ஒளி லென்ஸை அடையும்போது 2.6 செ.மீ. விலகியிருக்கும். விலகிய ஒளி விழும் இடத்தையும் கவனியுங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் 10 மைக்ரானில் கறுப்பல்ல. டிடெக்டரையும் சில டிகிரி திருப்பி வையுங்கள்.

அதன் பிறகும் அலை இருந்தால் நைட்ரஜன் நிறமாலையை ஃபூரியர் மாற்றம் செய்து ஃப்ரிஞ்ச் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். அதை இரண்டால் பெருக்கி ஒன்றை அதனால் வகுத்தால், பரப்புகளுக்கிடையிலான தூரம் செ.மீ.யில் வரும். கண்ணாடிப் பொருளென்றால் ஒளிவிலகல் எண்ணாலும் வகுக்கவும். பிறகு ஸ்கேலை எடுத்து மேஜையில் அந்த ஜோடியைத் தேடுங்கள்.

அம்மோனியா குழாய்ச் சுவரில் ஒட்டுவது வேறு தொல்லை. பிஎஃப்ஏ (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) குழாய் போட்டு 50 டிகிரியில் வையுங்கள், இப்போதைக்கு அது போதும்.

மனம் தளராதீர்கள். உங்கள் கருவி நல்ல கருவி. சாய்த்த பிறகு எடுத்த நைட்ரஜன் நிறமாலையை அனுப்புங்கள், கிடை அச்சு லேசர் மின்னோட்டத்தின் மில்லிஆம்பியரில் வேண்டாம், அலைஎண்ணில் இருக்கட்டும். 2.54 செ.மீ. ஜெர்மானியம் எட்டலானை (இரு முகங்களும் இணையான கட்டி; வேண்டுமென்றே ஃப்ரிஞ்ச் தருவது) கற்றையில் வைத்தால் 0.049 அலைஎண்ணுக்கு ஒரு முகடு கிடைக்கும், அதைக்கொண்டு அளவிடலாம்.