ஹப் மோட்டார் வைத்து 45 கிலோமீட்டர் வேகம் போகும் சைக்கிளை நாமே செய்ய முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். கோயம்புத்தூரில் இருப்பதால் லேத் பட்டறைக்கும் மோட்டார் தெரிந்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நீங்கள் கேட்ட அந்த வேகம் இருக்கிறதே, இந்த வேலையிலேயே சுலபமானது அதுதான். வாங்கி மாட்டினால் ஓடும். மாட்டியது கழன்று வராமல் இருப்பதும், ஓடியது நிற்பதும்தான் பாடு.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹப் மோட்டார் என்றால் சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார். அதன் சுற்று வேகத்தை முடிவு செய்வது வோல்டேஜ். 48 வோல்ட், 1000 வாட், கியர் இல்லாத மோட்டார் ஒன்று சுமையில்லாமல் நிமிடத்துக்கு 470 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். 26 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் மணிக்கு 58 கிலோமீட்டர் வரும். ஆள் உட்கார்ந்து, காற்று எதிர்த்தால் 45 சொச்சத்தில் நிற்கும். அவ்வளவுதான், இதில் வித்தை ஒன்றும் இல்லை. சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைக்கும் யோசனையும் புதிதில்லை. ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895-லேயே பின்சக்கர ஹப்பில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

காற்றுதான் பேட்டரியைத் தின்கிறது. நானும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ. 25-ல் போக 200 வாட்டுக்குள் போதும். 45-ல் போக 800 வாட் வேண்டும். என் பேட்டரி 48 வோல்ட், 15 ஆம்பியர் ஹவர், அதாவது 720 வாட் ஹவர். மெதுவாகப் போனால் அறுபது, எழுபது கிலோமீட்டர் தாங்குவது, முறுக்கிக்கொண்டு போனால் முப்பதிலேயே மூச்சை விட்டுவிடும்.

சரி, நான் பட்ட கதைக்கு வருகிறேன். முதலில் முன்சக்கர மோட்டார்தான் வாங்கினேன். செயின், ஃப்ரீவீல் எதையும் தொட வேண்டாம், அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம் என்ற சோம்பேறித்தனம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அலுமினியம். நட்டை இறுக்கினால் போதும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். சக்கரம் முன்னால் போகாமல் ஆக்சில் பின்பக்கமாகச் சுழன்றுவிட்டது. ஃபோர்க்கில் அது உட்கார்ந்திருந்த வெட்டின் வாய் பிளந்து, ஆக்சிலுக்குள்ளிருந்து வெளியே வரும் வயர் முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டது. உள்ளே மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று ஃபேஸ் வயரும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதால் சக்கரம் பிரேக் பிடித்த மாதிரி இறுகிப்போனது. வேகமே எடுக்காததால் பல் தப்பியது. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

காரணம் இதுதான். சாதாரண சைக்கிளில் ஆக்சில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஹப் மோட்டாரில் சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே விசை ஆக்சிலைப் பின்னால் திருகும். அதைத் தடுப்பது ஆக்சிலில் தட்டையாகச் சீவியிருக்கும் 10 மில்லிமீட்டர் பட்டை மட்டும். அந்தச் சின்ன விளிம்பில் விழுவது நூற்றுக்கணக்கான கிலோ அழுத்தம். அதற்காகப் போடுவதுதான் டார்க் ஆர்ம்: ஒரு முனை ஆக்சிலைக் கவ்வும், மறுமுனை ஃபிரேமில் கட்டப்பட்டிருக்கும். நான் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வெட்டச் சொல்லி, கடைசி நூல் அளவை அரத்தால் நானே ராவினேன். சுத்தியலால் லேசாகத் தட்டினால்தான் ஏற வேண்டும். கையால் தள்ளி ஏறினால் அது தளர்வு, நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும் வசதி வைத்தால் திருகல் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும், நட்டு தானாகக் கழலும். அப்படியென்றால் இரு பக்கமும் ஆர்ம் கட்டாயம்.

இப்போது என்னிடம் இருப்பது பின்சக்கர மோட்டார், இரும்பு ஃபிரேம், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். 25-ஐவிட 45-ல் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல். ரிம்மைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டையை நம்பி அந்த வேகத்துக்குப் போகாதீர்கள்.

செலவில் பாதிக்கு மேல் பேட்டரிதான். 48 வோல்ட் என்று சொன்னாலும் 13 செல் வரிசை, முழு சார்ஜில் 54.6 வோல்ட். அதில் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய லேப்டாப் செல்களைப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். பிஎம்எஸ், அதாவது செல்கள் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் காக்கும் சர்க்யூட், இல்லாத பேட்டரியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். சார்ஜ் போடுவதும் விழித்திருக்கும்போதுதான், அதுவும் வாசல் வழியை மறிக்காத இடத்தில்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டால்தான் நம்பர் பிளேட், லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். வீட்டில் செய்ததற்குப் பதிவு வாங்குவது நடக்கிற காரியமில்லை, இன்சூரன்ஸும் கிடையாது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரில் வேகத்தைக் குறைத்துவிட்டாலும் மோட்டார் 1000 வாட் மோட்டார்தான். அதனால் என்னுடையது பெரும்பாலும் நண்பரின் தோட்டத்துத் தனிப்பாதையில் ஓடுகிறது. ரோட்டில் ஆபீஸ் போக வர என்றால் 250 வாட் மோட்டார் செட்டே போதும், நிஜமாகவே போதும்.

வாங்கும் முன் பின்பக்க ஃபிரேமின் உள் அகலத்தை அளந்துவிடுங்கள். பெரும்பாலான பின்சக்கர மோட்டார்களுக்கு 135 மில்லிமீட்டர் வேண்டும். அப்பா காலத்து 22 இன்ச் சைக்கிளில் அவ்வளவு இருக்காது. அப்புறம், ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பஞ்சர் கடைக்காரர் அந்தத் தடித்த வயரைப் பார்த்த மாத்திரத்தில், "சக்கரத்த நீங்களே கழட்டிக் குடுத்துருங்ணா" என்று தள்ளி நின்றுகொள்வார்.